வெயில் மட்டும் எரிப்பதில்லை



சென்ற இதழில் மலைக்காட்டுத் தீயின் படமொன்றை வெளியிட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டுத் திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கத்திரி வெயிலில் எங்கள் ஊரில் 41, 42 டிகிரி வரை போகிறது. சுற்றிலும் காப்புக்காடும் இருக்கிறது. அது இப்படிப் பற்றி எரிந்து நான் பார்த்ததில்லை. எங்களைவிடக் குளிர்ச்சியான மலை, அதுவும் மார்ச் மாதத்திலேயே, எப்படி இப்படி எரிகிறது?"

நல்ல கேள்வி. வெயில் கூடினால் தீ கூடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியென்றால் செங்கல்பட்டு மாவட்டம் என்றைக்கோ சாம்பலாகியிருக்க வேண்டும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவாயிற்று. அந்த மே மாதத்தை மறக்காதவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அனலைச் சொல்வார்கள், மின்வெட்டைச் சொல்வார்கள், தண்ணீர் லாரியைச் சொல்வார்கள். காட்டுத்தீயைச் சொல்ல மாட்டார்கள். எனவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்த வாசகரின் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன்.

பதிலைக் குரங்கணியில் தொடங்குவதுதான் முறை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த மலை. சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து வந்த இன்னொரு குழுவும் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் இளவயதினர். சென்னைக் குழுவில் பெண்களே அதிகம். ஒத்தமரம் என்று ஊரார் சொல்லும் இடத்தருகே, பிற்பகலில், காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்தது. சிதறி ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். குரங்கணி, போடி மக்களும் வனத்துறை, தீயணைப்புத் துறை ஊழியர்களும் இருட்டில் மலையேறி, டோலி கட்டிச் சுமந்து இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. முதலில் 9 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. பிறகு மருத்துவமனைகளில் ஒவ்வொருவராக இறந்து, எண்ணிக்கை 23 ஆயிற்று.

அதன்பின் நாம் பேசியதெல்லாம் அனுமதியைப் பற்றி. யார் சீட்டுக் கொடுத்தார்கள், எந்தப் பாதைக்குக் கொடுத்தார்கள், எந்தப் பாதையில் போனார்கள். அரசு தன் உயரதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக நியமித்தது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. இவையெல்லாம் வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் காற்று என்ற பேச்சு, பலத்த காற்றால் தீ வேகமாகப் பரவியது என்கிற ஒற்றை வரியோடு நின்றுபோனது. தீயைப் பற்ற வைப்பது அநேகமாக மனிதக் கைதான். நம் நாட்டுக் காடுகளில் தானாகப் பிடிக்கும் தீ மிகக் குறைவு. ஆனால் பற்றிய தீ பத்தடியில் அணைந்துபோகுமா, பத்து ஏக்கரைத் தின்னுமா, ஆளை விரட்டுமா என்பதைத் தீர்மானிப்பது அன்றைய காற்றும் ஈரமும், அந்த மணி நேரமும்.

முதலில் ஈரத்தைப் பார்ப்போம். மாமல்லபுரத்துக் கடலோர வீடொன்றில் ஐப்பசி, கார்த்திகையில் பொரித்த அப்பளத்தைத் தட்டில் விட்டுப் பாருங்கள். சாம்பார் சாதம் முடிந்து ரசத்துக்கு வருவதற்குள் நமுத்துவிடும். அதே அப்பளம் மேல்காற்று வீசும் ஆனி மதியத்தில் மாலைவரை மொறுமொறுவென்று இருக்கும். காட்டுச் சருகும் புல்லும் இப்படித்தான். உயிரோடு இருக்கும் இலை வேரிலிருந்து நீர் குடிக்கிறது. செத்த சருகுக்கு வேர் இல்லை. சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு ஈரமோ அதுதான் அதற்கும். காட்டுத்தீயை ஆராய்பவர்கள் எரியக்கூடிய குப்பையை அதன் தடிமனை வைத்தே பிரிக்கிறார்கள். சுண்டுவிரலைவிட மெல்லிய குச்சி, புல், சருகு ஆகியவை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் காற்றின் ஈரத்துக்குத் தகுந்தபடி மாறிவிடும். கட்டைவிரல் பருமனுள்ள குச்சிக்குப் பத்து மணி நேரம் ஆகும். கைத்தடிமன் கொம்புக்குச் சில நாட்கள். விழுந்து கிடக்கும் அடிமரத்துக்கு ஒரு மாதத்துக்கும் மேல். காலை எட்டு மணிக்குப் பனியில் நனைந்து, நெருப்புக் குச்சி உரசினாலும் பற்றாத புல், பதினொரு மணிக்கு வெடிமருந்தாக நிற்பதன் காரணம் இதுதான்.

காற்று சூடேற ஏற, அதன் தாகமும் ஏறுகிறது. 25 டிகிரியில் இருக்கும் காற்று 35 டிகிரிக்குப் போனால், அது பிடித்துவைக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். புதிதாக ஈரம் வந்து சேராவிட்டால், அந்தக் காற்று கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் ஈரத்தை உறிஞ்சும். புல்லிலிருந்தும் சருகிலிருந்தும், நம் உதட்டிலிருந்தும்கூட. உலகின் பல நாடுகளில் தீயணைப்பவர்கள் கைவசம் வைத்திருக்கும் மோட்டா கணக்கு ஒன்று உண்டு. வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ், காற்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். இந்த மூன்று முப்பதும் ஒரே நாளில் கூடினால் ஆபத்து. நமக்கு முதல் முப்பது ஆண்டில் பெரும்பாலான நாட்களில் தாண்டிவிடுகிறது. அதை யாரும் பொருட்படுத்துவதுகூட இல்லை. நம்மைக் காப்பது இரண்டாவது முப்பது. வங்கக்கடல் பக்கத்தில் இருக்கிறது. கடற்காற்று உள்ளே நுழைந்ததும் ஈரப்பதம் 60, 70 என்று ஏறிவிடும். கசகசவென்று வியர்த்து ஊற்றுவதற்காக நாம் திட்டும் அதே ஈரம்தான் திருக்கழுக்குன்றத்துக் காப்புக்காட்டுக்குக் காவல்.

இனி, ஏன் மார்ச்? நம் மாநிலத்துக்கு வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிகிறது. அந்த மழையில் மலைச்சரிவுகளில் புல் ஆளுயரத்துக்கு வளர்கிறது. தை, மாசியில் மழை இல்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். இலையுதிர் காடுகள் அந்த மாதங்களில்தான் இலையைக் கொட்டுகின்றன. பங்குனி பிறக்கும்போது மேலே நிழல் கிடையாது, கீழே முழங்கால் அளவு சருகு, பக்கத்தில் வைக்கோலாகிவிட்ட புல். ஏப்ரல் நடுவில் மலைப்பகுதிகளில் கோடை மழை இடியோடு விழத் தொடங்கினால் எல்லாம் மறுபடி நனைந்துவிடும். ஆக, காட்டுக்கு ஆபத்தான காலம் வெயிலின் உச்சத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. தமிழக அரசு 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மலைப்பாதைகளைப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மூடிவைப்பது இந்தக் கணக்கில்தான். குரங்கணி நடந்ததும் இந்த இரண்டு மாதங்களின் நட்டநடுவில். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் தீ குறையும் என்றும் நம்பிவிட வேண்டாம். நிறைய மழை பெய்தால் நிறையப் புல். லாஸ் ஏஞ்சலிஸ் நகரை 2025 ஜனவரியில் எரித்த தீக்கு முன்பு அங்கே இரண்டு குளிர்காலங்கள் நல்ல மழை. அதில் வளர்ந்ததெல்லாம் அடுத்த ஆண்டு மழை பொய்த்ததும் விறகாயிற்று.

நம் பக்கத்துக் காட்டின் குணமும் வேறு. வண்டலூரிலிருந்து தெற்கே அங்கங்கே மிச்சமிருப்பது சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடும், அது அழிந்த இடத்தில் வந்த முட்புதரும். வீரை, காசா, உலக்கைப்பாலை, களா என்று குட்டையான, தடித்த இலைகொண்ட மரங்கள். ஒரேயடியாக இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்பவை அல்ல அவை. நெருங்கி நின்று தரைக்கு நிழல் தருவதால் சருகு சீக்கிரம் காயாது. காற்றும் உள்ளே புகாது. இந்தக் காட்டை வெட்டித் திறந்துவிட்டால் கதை மாறும். வெளிச்சம் விழுந்த இடத்தில் புல் வரும். புல் வந்த இடத்தில் தீ வரும். புயலும் அந்த வேலையைச் செய்யும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துப் போட்டது. சாய்ந்த மரம் என்பது அடுத்தடுத்த கோடைகளுக்கான எரிபொருள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரச் சவுக்குத் தோப்புகளையும் நான் சற்றுக் கவலையோடுதான் பார்க்கிறேன். அந்த ஊசிச் சருகு மெத்தைமீது பீடித்துண்டை எறிந்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கடற்காற்று எப்போதும் துணைக்கு வராது.

மலைக்கு வருவோம். ஈரத்துக்கும் காற்றுக்கும் அடுத்தபடியாக அங்கே சரிவு என்று ஒன்று சேர்கிறது. சமதரையில் தீயின் நாக்கு நிமிர்ந்து நிற்கும். சரிவில் அது மேலேயுள்ள புல்லின்மீது சாய்ந்து, தான் போய்ச் சேருமுன்பே அதைச் சுட்டுக் காய வைத்துவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ஆஸ்திரேலியாவில் மெக்கார்தர் என்ற ஆய்வாளர் வகுத்த கணக்கு. 20 டிகிரி என்றால் நான்கு மடங்கு. பகல் நேரத்தில் மலைச்சரிவு சூடாவதால் காற்றும் சரிவோடு மேலே ஏறுகிறது. இரவில் அதே காற்று குளிர்ந்து கீழே இறங்குகிறது. ஆகவே மலையில் தீக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. காலையில் படுத்திருக்கும், பதினொன்றுக்கு மேல் எழும், இரண்டு, மூன்று மணிக்கு உச்சம், இருட்டியதும் தளரும். கொழுக்குமலை எதற்குப் பெயர்பெற்றது? சூரிய உதயத்துக்கு. அதைப் பார்க்கத்தான் விடியற்காலையில் ஜீப் பிடித்துப் போகிறார்கள். சூரிய உதயத்துக்குப் பெயர்பெற்ற மலை என்றால், அதன் கிழக்கு முகம் முதல் கதிரிலிருந்தே காயத் தொடங்குகிறது என்று பொருள். நண்பகலுக்குள் அந்தச் சரிவு ஐந்தாறு மணி நேரம் வெயிலில் நின்றாயிற்று. அதன்பின் அந்தப் புல்வெளியில் இறங்குவது, தீ இல்லாத நாளில் வெறும் வியர்வை. தீ உள்ள நாளில் அதன் வழியிலேயே நிற்பது.

இதே கதை அமெரிக்காவில் குரங்கணிக்கு 69 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு, 1949 ஆகஸ்ட் 5. விமானத்திலிருந்து குதித்துக் காட்டுத்தீ அணைப்பதற்கென்றே பயிற்சி பெற்ற இளைஞர்கள் அன்று அங்கே இறங்கினார்கள். கடுமையான வெயில், பிற்பகல், காய்ந்த புல், செங்குத்தான சரிவு. கீழே இருந்த தீ காற்றோடு திரும்பி, அவர்கள் நின்ற சரிவில் ஏறியது. எல்லோரும் மேட்டை நோக்கி ஓடினார்கள். குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் மட்டும் ஓடாமல் நின்று, தீக்குச்சி உரசித் தன் முன்னாலிருந்த புல்லைக் கொளுத்தினார். அது எரிந்து மேலே போனதும், கருகிய அந்தத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். என்னுடன் வாருங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிட்டிருக்கிறார். பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். பெரிய தீ அவரைத் தாண்டிப் போயிற்று, அவர் பிழைத்தார். மேட்டுப் பாறை இடுக்குக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்த இருவரும் பிழைத்தார்கள். 13 பேர் இறந்தார்கள். வலுவான கால்களும் பயிற்சியும் உள்ள இளைஞர்களாலேயே சரிவில் ஏறும் புல்தீயை ஓடி வெல்ல முடியவில்லை. காட்டுத்தீயின் வேகத்தைக் கணக்கிட அந்த நாட்டில் பின்னர் வளர்ந்த ஆராய்ச்சிக்கு அந்தச் சாவுகள் பெரிய தூண்டுதலாயின.

மலையேறும் பழக்கமுள்ள நம் வாசகர்கள் பலர் உண்டு. அவர்களுக்காக ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். கீழே புகை தெரிந்தால் மேட்டை நோக்கி ஓடுவதுதான் மிக மோசமான முடிவு. ஏற்கெனவே கருகிப்போன இடம், புல் இல்லாத பாறை, ஓடைப்படுகை, தேயிலைத் தோட்டத்துத் திறந்த சாலை, இவற்றில் எது பக்கவாட்டில் கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். டாட்ஜ் செய்ததை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. நைலான், பாலியெஸ்டர் உடையைவிடப் பருத்தி நல்லது. உருகித் தோலில் ஒட்டாது.

இப்போது நம் கடற்கரைக்கே உரிய ஒரு விஷயம். கடற்காற்று நமக்குக் காவல் என்று மேலே எழுதினேன். அதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் காலையிலிருந்து மேல்காற்று வீசுகிறது. மேற்கேயிருந்து வரும் வறண்ட அனல். நண்பகலை ஒட்டியோ அதற்குப் பிறகோ கடல் பக்கமிருந்து காற்று திரும்புகிறது. மாமல்லபுரத்துக்கு அது முதலில் வரும். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு ஏரிக்கரையைத் தொட இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று கரையோரமே தயங்கி நின்றுவிடும். அன்றைக்குத்தான் நமக்கு 42 டிகிரி. காற்று திரும்பும்போது சில்லென்று இருக்கும், அப்பாடா என்று இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் எங்காவது தீ எரிந்துகொண்டிருந்தால், அது வந்த திசையை விட்டுவிட்டு எதிர்த்திசையில் கிளம்பும்.

இதன் கொடூரமான உதாரணம் ஆஸ்திரேலியாவில் 2009 பிப்ரவரி 7. மெல்போர்னில் அன்று 46.4 டிகிரி. வடமேற்கிலிருந்து பாலைவனக் காற்று. நகரத்துக்கு வடக்கே கில்மோர் ஈஸ்ட் என்ற இடத்தில் நண்பகலுக்கு முன் பிடித்த தீ, அந்தக் காற்றோடு தென்கிழக்கே ஒடுக்கமாக, நீளமாக ஓடியது. மாலையில் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. வெப்பம் சடசடவென்று இறங்கியது. நிம்மதி என்று நினைக்கத்தான் தோன்றும். ஆனால் அந்த நீளமான தீயின் பக்கவாட்டு முழுவதும் ஒரே நொடியில் முன்பக்கம் ஆகிவிட்டது. ஒடுங்கிய முனையோடு ஓடிய தீ, பல கிலோமீட்டர் அகலத்துக்குச் சுவராக நின்று கிங்லேக் போன்ற ஊர்கள்மீது விழுந்தது. அந்த நாளின் தீக்களில் மொத்தம் 173 பேர் இறந்தார்கள். நம் ஊரில் அந்த அளவு நடக்காது, காடும் அப்படிப்பட்டதல்ல. ஆனாலும் திருப்போரூர்ப் பக்கம் பத்து மணிக்கு வரப்புப் புல்லைக் கொளுத்துகிறவர், காற்று கிழக்கே போகிறது, என் வைக்கோற்போர் மேற்கே இருக்கிறது, பயமில்லை என்று சாப்பிடப் போய்விடக் கூடாது. சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் காற்று திரும்பியிருக்கும். பழைய சம்சாரிகள் கொளுத்துவதை விடிகாலையில் வைத்துக்கொண்டதும், அணையும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்ததும் அனுபவத்தில் வந்த பழக்கம்.

விடிகாலை என்றதும் போகி நினைவுக்கு வருகிறது. தை பிறப்பதற்கு முந்தின நாள் காலை தாம்பரம், கூடுவாஞ்சேரிப் பக்கம் புகை தரையிலேயே படிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, மேலே ஏறாது. புகையும் அதோடு கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் எல்லாம் கலைந்துபோகும். காட்டுத்தீயிலும் இதே கதைதான், ஆனால் விளைவு தலைகீழ். புகை தேங்கி நிற்கும்வரை தீ மந்தமாக இருக்கும். பத்து, பதினொரு மணிக்குப் புகை மூட்டம் கலைந்து மேலே போகிறதே, நல்லது என்று நினைத்தால், அப்போதுதான் புதுக்காற்று கீழே புகுந்து தீ எழுந்து நிற்கும். அனுபவமுள்ள வனக்காவலர்கள் புகை செங்குத்தாக எழும்பத் தொடங்கினால் பின்வாங்குவது இதனால்தான்.

பெருந்தீ நெருப்பு நாக்கால் மட்டும் பரவுவதில்லை. பொறி பறந்து பரவுகிறது. இதைப் புரிந்துகொள்ள நம் கடற்கரைக்காரர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. கீற்றுக் கொட்டகைகளாகவே இருந்த காலத்துக் குப்பங்களில், கோடையில் ஒரு வீட்டு அடுப்பிலிருந்து கிளம்பிய பொறி நடுவில் நான்கு கூரையை விட்டுவிட்டு ஐந்தாவதில் விழுந்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். எல்லோரும் முதல் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு ஓடும்போது பின்னால் தெருவே எரியும். 2004 சுனாமிக்குப் பிறகு பல குப்பங்களில் காரை வீடுகள் வந்து அந்தப் பயம் பெரிதும் போயிற்று. ஹவாயில் லஹைனா என்ற கடலோர ஊருக்கு 2023 ஆகஸ்ட் 8 அன்று நடந்தது இதேதான், அளவு மட்டும் பயங்கரம். கரும்புத் தோட்டங்கள் கைவிடப்பட்ட நிலத்தில் வெளிநாட்டுப் புல் மண்டியிருந்தது. வடக்கே உயர் அழுத்தம்; தெற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி டோரா என்ற புயல். அந்தப் புயல் ஊர் பக்கமே வரவில்லை, ஒரு சொட்டு மழை தரவில்லை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட காற்று மலையிலிருந்து ஊரை நோக்கிப் பாய்ந்தது. பொறிகள் கூரை கூரையாகத் தாவின. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. பசிபிக் கடல் ஓரத்திலேயே இருந்தும் அந்த ஊரைக் கடலால் காக்க முடியவில்லை, ஏனென்றால் அன்று காற்று கடலிலிருந்து வரவில்லை. யூகலிப்டஸ் பட்டை எரிந்தபடி இன்னும் வெகுதூரம் பறக்கும். 2009இல் ஆஸ்திரேலியாவில் 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் பொறி விழுந்து புதுத் தீ பிடித்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நாம் நட்டு வளர்த்திருப்பது இதே மரத்தைத்தான் என்பதை இங்கே சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவைக்கிறேன்.

டொரண்டோவில் இருக்கும் நம் வாசகர்கள் 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை வானத்தை மூடியதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், கனடாவின் மேற்கே லிட்டன் என்ற சிற்றூரில் 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி பதிவானது. மறுநாள் அந்த ஊர் எரிந்து தீர்ந்தது. அதே நாட்களில் அந்த மாகாணத்தின் பெருந்தீக்களுக்கு மேல் புகையே இடிமேகமாகத் திரண்டு, மழை தராமல் மின்னலை மட்டும் கொட்டிப் புதிய தீக்களை மூட்டியது. வானிலை தீயை வளர்ப்பதுபோய், தீயே தனக்கென்று வானிலையை உண்டாக்கிக்கொள்ளும் நிலை அது. அங்கே போய்விட்டால் தண்ணீரும் ஆளும் எதுவும் செய்ய முடியாது.

நம் மாநிலத்தில் அணைக்கும் கருவிகள் முன்னைவிடப் பரவாயில்லை. 2023 ஏப்ரலில் கோவைப் பக்கத்து மலைத்தீக்குச் சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து, மலம்புழா அணையில் தண்ணீர் மொண்டு கொட்டியது. 2024 மார்ச்சில் குன்னூரிலும் ஹெலிகாப்டரில் தொங்கும் அந்தப் பெரிய வாளி வேலை செய்தது. ஆனால் பலத்த காற்றிலும் அடர்ந்த புகையிலும் ஹெலிகாப்டரைப் பறக்கவிட முடியாது. அதாவது மிகவும் தேவைப்படும் அன்றைக்கு. அதனால்தான் பிப்ரவரிக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டிச் சுத்தம் செய்வதும், தினக்கூலிக்கு வரும் தீக்காவலர்களுக்கு நேரத்தில் சம்பளம் கொடுப்பதும் ஹெலிகாப்டரைவிட முக்கியம் என்பது என் கருத்து. அவை புகைப்படத்துக்கு நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் பார்க்கும் தீப்புள்ளிகளை நாள்தோறும் எச்சரிக்கையாக அனுப்புகிறது. 375 மீட்டர் சதுரத்துக்குள் எங்கே எரிகிறது என்று தெரிந்துவிடும். 'வன் அக்னி' இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் பொதுமக்களுக்கும் குறுஞ்செய்தி வரும். மலையடிவாரத்து வாசகர்கள் செய்து வையுங்கள். ஆனால் இது பற்றிய பிறகு வரும் செய்தி. பற்றுமுன் தெரிய வேண்டியது ஈரப்பதமும் காற்றும். நம் தொலைக்காட்சியும் நாளிதழும், இதில் நம் பத்திரிகையும் சேர்த்தி, கோடை முழுக்க எத்தனை ஊரில் சதம் அடித்தது என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆஸ்திரேலியக் கிராமச் சாலைகளில் அன்றைய தீ அபாயத்தைக் காட்டும் முள் வைத்த பலகை நிற்கும். 2009க்குப் பிறகு, இருப்பதற்கெல்லாம் மேலான ஒரு படியையும் அதில் சேர்த்தார்கள். முள் அங்கே போனால் வீட்டைக் காக்க நிற்காதே, முன்கூட்டியே கிளம்பிவிடு என்று அர்த்தம். போடியிலும் கூடலூரிலும் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரிலும் பேருந்து நிலையத்தில் இப்படி ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? மாசி, பங்குனியில் மட்டும் அதை மாற்ற ஓர் ஆள் போதும்.

நம் பங்குக்கு, வரும் கோடை இதழ்களிலிருந்து வானிலைப் பெட்டியில் வெப்பத்தோடு பிற்பகல் ஈரப்பதத்தையும் காற்றின் திசையையும் சேர்த்து வெளியிடப் போகிறோம். அதற்கு உங்கள் உதவியும் வேண்டும். மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் வாசகர்களே, சித்திரை பிறந்ததும் உங்கள் வாசலில் கடற்காற்று எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று எழுதுங்கள். செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுபாக்கம் வாசகர்கள் அது உங்களிடம் எப்போது வந்து சேர்கிறது, வராத நாட்கள் எவை என்று எழுதுங்கள். அஞ்சலட்டையில் தேதி, மணி, ஊர் மூன்றும் இருந்தால் போதும். திருக்கழுக்குன்றத்து வாசகர் மலைமேல் ஏறியே பார்த்துச் சொல்லலாம். காலையில் ஏறினால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்